நிரலின் குடிமராமத்து

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர் 3 அன்று உருவானது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்தன. அடுத்த பிப்ரவரியில் அதன் எழுபது வார்டுகளுக்கும் முதல் தேர்தல் நடந்தது. வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் ஒரு தமிழ்த் தளத்தில் ‘தாம்பரம் மாநகராட்சி தேர்தல்’ என்று தலைப்பிட்டு நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால், அதற்கு மென்பொருள் தானாக உருவாக்கும் இணைய முகவரி ‘தாம்பரம்-மாநகராட்சி-தேர்’ என்று முடியும். கடைசி ‘தல்’ வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

இதன் கணக்கு எளிது. ‘தா’ நம் கண்ணுக்கு ஓரெழுத்து. யூனிகோடு முறையில் அது இரண்டு குறிகள்: ‘த’ ஒன்று, துணைக்கால் ஒன்று. ‘ம்’ என்பதும் அப்படியே, ‘ம’வும் அதன் தலைப்புள்ளியும். இப்படி ஒவ்வொரு தமிழ்க் குறியையும் கணினி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கிறது. இணைய முகவரியிலோ ஆங்கில எழுத்து, எண், சில நிறுத்தக்குறிகள் தவிர வேறெதுவும் நேரடியாகப் போகக் கூடாது என்பது பழைய விதி. ஆகவே ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியாகவும் அதையடுத்த இரண்டு குறிகளாகவும் மாறி மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளும். பைட் மூன்று, பைட்டுக்கு இடம் மூன்று. ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் கட்டுரையின் முகவரிக்கு ஒதுக்கியிருக்கும் அகலம் 200. ‘தாம்பரம்’ எட்டுக் குறி, ‘மாநகராட்சி’ பத்துக் குறி, ஆக 162. சொற்களுக்கு நடுவே வரும் இடைக்கோடுகள் இரண்டு. மிச்சம் 36. அதில் நான்கு குறிகள்தான் அடங்கும்: த, ஏகாரக் கொம்பு, ர, புள்ளி. சரியாக 200 ஆகிவிட்டது; அதற்குமேல் இடமில்லை.

ஆங்கிலத்தில் 200 எழுத்துக்கு முகவரி வைக்க எவருக்கும் தேவை வராது. அதனால் அந்த எண்ணைத் தேர்ந்தவர்கள் கண்ணில் இந்தச் சிக்கல் படவே இல்லை. அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த 200 என்ற எண் எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்று தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியால் திறந்து பார்க்க முடியும். அதை மாற்றி, தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியும். சரியாக வேலை செய்தால் அந்தத் திருத்தத்தை உலகத்துக்கே அனுப்பி வைக்கவும் முடியும். அகலத்தை நீட்டித்தரும் ஒரு பிளகினை யாரோ ஏற்கெனவே எழுதிப் பொதுவில் வைத்தும் இருக்கிறார்கள். மூலநிரல் மூடிக்கிடக்கும் மென்பொருளாக இருந்தால், ‘தல்’ எங்கே போனது என்ற கேள்விக்கு விடையே கிடைத்திருக்காது; நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டற்ற மென்பொருளின் பொருள் இதுதான். காசு கொடுக்க வேண்டாம் என்பது அதில் ஒரு சிறு பகுதி. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் பிறருக்குக் கொடுக்கலாம். இன்று உலகின் வலைத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் இயங்குகின்றன. அதற்கு அடியில் இருக்கும் லினக்ஸ், அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ், மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி, பிஎச்பி ஆகியவையும் மூலநிரல் திறந்தவையே. உங்கள் பிரவுசரிலிருந்து கோரிக்கை வந்ததும் அப்பாச்சி அதை வாங்குகிறது. பிஎச்பி நிரலை எழுப்புகிறது. நிரல் தரவுத்தளத்திடம் கட்டுரையைக் கேட்டு வாங்கி, தலைப்பு, படம், பின்னணி நிறம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கமாகக் கோத்துத் திருப்பி அனுப்புகிறது. நீங்கள் பார்ப்பதற்கு முன்பு அந்தப் பக்கம் அந்த வடிவில் எங்கும் இருந்ததில்லை. நீங்கள் கேட்டதால் அந்த நொடியில் உருவானது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு ‘ஓப்பன் சோர்ஸ் லேப்’ என்று ஒரு ஆய்வகம் இருந்தது. லினக்ஸின் கருவை மூலநிரலிலிருந்து தொகுப்பது, பைத்தான் ஓட்டுவது ஆகியவற்றோடு, மேலே சொன்ன நான்கையும் நிறுவி பிஎச்பியில் ஒரு லாகின் படிவம் செய்வதும் அதில் ஒரு பயிற்சி. படப்பையிலும் வண்டலூரிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் படிவத்தைச் செய்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். தேர்வுக்காகச் செய்தவர்களே அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வலைத்தளத்தின் அடிவயிறு எப்படி இருக்கும் என்பதை ஒருமுறையாவது தொட்டுப் பார்த்த தலைமுறை அது.

அந்தப் பாடம் பாடத்திட்டத்துக்குள் வந்த கதையில் குரோம்பேட்டைக்குப் பங்கு உண்டு. ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி நிற்கும் எம்.ஐ.டி., 1949இல் சி. ராஜம் நிறுவிய கல்லூரி. அதன் வளாகத்தில் 1999 முதல் இயங்கிவருவது ஏயூ–கேபிசி ஆராய்ச்சி மையம். கேபிசி என்றால் கே.பி. சந்திரசேகர், எம்.ஐ.டி.யின் பழைய மாணவர். 1994இல் அமெரிக்காவில் பி.வி. ஜகதீஷுடன் சேர்ந்து எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மற்றவர்களின் வலைத்தளங்கள் இரவு பகலாக அணையாமல் இருக்க சர்வர் இடமும் மின்சாரமும் இணைப்பும் தருவதே அதன் தொழில். வலையின் முதல் பெரும் அலையில் அந்த நிறுவனம் மிக உயரத்துக்குப் போனது, 2001இல் திவாலானது. ஆனால் அதில் ஈட்டிய பணத்தில் ஒரு பகுதி குரோம்பேட்டைக்குத் திரும்பி வந்து ஒரு ஆராய்ச்சி மையமாக நின்றுவிட்டது.

2005இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் ஒன்றை அமைத்தது. அதை இரண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள்: ஒன்று சென்னை சி-டாக், மற்றொன்று ஏயூ–கேபிசி. சி-டாக் பக்கத்திலிருந்து பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் வந்தது. குரோம்பேட்டை பக்கம் கல்வியில் இறங்கியது: பல்கலைக்கழகப் பாடத்தில் கட்டற்ற மென்பொருளைச் சேர்ப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. உதகையில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வஸ் இந்த வள மையத்தோடு இணைந்து பணியாற்றியவர். பைத்தான் மொழியையும், அதில் எழுதப்பட்ட ஜாங்கோ என்னும் வலைத்தளக் கட்டமைப்பையும் இந்திய மாணவர்களிடம் கொண்டுசேர்த்ததில் அவர் பெயர் முன்னால் நிற்கும். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சஸில் ஒரு சிறுநகரச் செய்தித்தாள் அலுவலகத்தில், அன்றாட வேலையை முடிக்க எழுதப்பட்டு 2005இல் திறந்துவிடப்பட்ட மென்பொருள். கென்னத் 2012இல் காலமானார். ‘பைகான் இந்தியா’ மாநாடு அவர் பெயரில் இன்றும் விருது தருகிறது.

உருவாக்குவதைவிட நிலைநிறுத்துவதுதான் கடினம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வேர்ட்பிரஸ் பிறந்ததே ஒரு பராமரிப்புச் சிக்கலில்தான். அதற்கு முன் பி2 என்றொரு மென்பொருள் இருந்தது. பிரான்சைச் சேர்ந்த மிஷெல் வால்திரிகி எழுதியது. 2002 இறுதியில் அவர் பக்கத்திலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. மென்பொருள் அப்படியே நின்றது. அதைப் பயன்படுத்திவந்த மேட் முல்லன்வெக் என்ற பத்தொன்பது வயது அமெரிக்க இளைஞர், 2003 ஜனவரியில், இதன் நிரலை எடுத்துத் தானே தொடரலாம் என்று எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் நான் சேர்கிறேன் என்றார். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வெளிவந்தது. பி2-வின் உரிமம் ஜி.பி.எல். என்னும் கட்டற்ற உரிமம் என்பதால் அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவர் விலகினாலும் மென்பொருள் சாகாது என்ற வாய்ப்பு அந்த உரிமத்திலேயே இருந்தது. ஆனால் வாய்ப்பு மட்டும் போதாது. எடுத்து நடத்த இரண்டு பேர் வந்தார்கள், அதனால்தான் அது பிழைத்தது.

தென்சென்னைப் புறநகரில் வளர்ந்தவர்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஏரியை வெட்டிய அரசன் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஏரி இருநூறு முந்நூறு ஆண்டு தாங்கியது அவனால் அல்ல. ஆண்டுதோறும் கரையில் மண் போட்டவர்கள், மதகைச் சரிபார்த்தவர்கள், வரத்துக் கால்வாயில் முள்வெட்டியவர்கள் என ஊரார் முறைவைத்துச் செய்த குடிமராமத்தால்தான் தாங்கியது. 1858இல் ஆங்கிலேய அரசு இதற்கென்று மதராஸ் மாகாணத்தில் சட்டம் போடும் அளவுக்கு அது முக்கியமாக இருந்தது. ஊரார் கை எடுத்த இடங்களில் ஏரி குட்டையாகி, பிறகு குப்பைமேடானது. சிட்லபாக்கம் ஏரியில் 2019இல் குடியிருப்பவர்களே மண்வெட்டியோடு இறங்கியபோது அந்தப் பழைய முறைதான் மீண்டும் எழுந்தது. கட்டற்ற மென்பொருளும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, எல்லாரும் பயன்படுத்துகிற பொருள். அதற்கும் ஆள் முறை வேண்டும்.

அந்த முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 நல்ல சாட்சி. அவ்வாண்டு ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் ஓட்டை வெளியே தெரிந்தது. வங்கிகள் முதல் மின்னஞ்சல் வரை, முகவரியின் முன் பூட்டுக்குறி போட்ட தளங்களில் பெரும்பகுதி ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலை நம்பியிருந்தன. அதன் பராமரிப்புக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் என்பதும், முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பெருநிறுவனங்கள் அவசர அவசரமாக நிதி திரட்டின.

அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று ட்ரூபல் என்னும் வலைத்தள மென்பொருளில் ஒரு ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியானது. இந்திய நேரப்படி இரவு சுமார் 9.30 மணி. ட்ரூபலின் பாதுகாப்புக் குழு இரண்டு வாரம் கழித்து ஓர் எச்சரிக்கை விடுத்தது: அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் பேட்ச் போடாத எந்தத் தளமும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம் என்றால் நமக்கு விடிகாலை 4.30. தாம்பரத்தில் ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வழக்கம்போலத் தூங்கி எழுந்து வந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

ஓட்டை என்ன? தரவுத்தளத்திடம் நிரல் பேசும் வாக்கியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ‘இந்தப் பெயருள்ள பயனரைத் தேடு’ என்பதில் ‘தேடு’ கட்டளை. பெயர் வெறும் தரவு. வெளியிலிருந்து வருபவர் பெயருக்கான கட்டத்தில் பெயரை எழுதாமல் தந்திரமாக இன்னொரு கட்டளையை எழுதினால், கவனமில்லாத நிரல் அதையும் கட்டளையாகவே தரவுத்தளத்திடம் நீட்டிவிடும். ட்ரூபலில் இதைத் தடுக்கவே தனியாக ஓர் அடுக்கு இருந்தது. ஓட்டை அந்த அடுக்கிலேயே இருந்தது. பேட்ச் வெளியானதும் எந்த வரி மாறியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கலாம், திருடனும் பார்க்கலாம். மூலநிரல் திறந்திருப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை இது. திருத்தம் வெளியான நொடியிலிருந்து ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகிறது. வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்வது இதனால்தான். 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 பதிப்பு வந்தபோது, உள்ளே அடைத்திருந்த பெரிய ஓட்டையைப் பற்றிச் சில நாள் வாய்திறக்காமல் இருந்து, தளங்கள் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்த தளங்களில் அடுத்த வாரங்களில் பல லட்சம் பக்கங்கள் அலங்கோலமாக்கப்பட்டன.

நம் பகுதியின் பள்ளி, கோயில், குடியிருப்போர் நலச்சங்கத் தளங்களை நான் அடிக்கடி திறந்து பார்ப்பேன். மனம் நோகிறது. கல்லூரி இறுதியாண்டில் ஒரு மாணவர் ஆர்வத்தோடு செய்து கொடுத்திருப்பார். வேலை கிடைத்துப் பெங்களூரு போயிருப்பார். பாஸ்வேர்டு அவரிடமே இருக்கும், அல்லது யாரிடமும் இருக்காது. முகப்பில் அறிவிப்புப் பலகை பல ஆண்டுக்கு முந்தைய ஆண்டுவிழாவோடு நிற்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் அதே தளத்தின் பெயரைத் தேடுபொறியில் இட்டால், அந்தப் பள்ளியின் பெயருக்குக் கீழே ஏதோ மாத்திரை விளம்பரங்களும் சூதாட்ட இணைப்புகளும் வந்து நிற்கும். உள்ளே புகுந்தவர் தளத்தைக் கெடுக்கவில்லை. வந்திருப்பது மனிதரா, தேடுபொறியின் தானியங்கியா என்று பார்த்து, தானியங்கிக்கு மட்டும் வேறு பக்கத்தைக் காட்டும் சில வரி நிரலைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பள்ளி இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்த நல்ல பெயரை அவர் தன் சரக்குக்கு முதலாக்கிக்கொள்கிறார். இப்படிச் சிக்கிய தளங்களில் பெரும்பாலானவற்றில் காரணம் இதுதான்: ஒரு பழைய பிளகின், அல்லது யாரோ ‘இலவசமாக’ கொடுத்த திருட்டுத் தீம்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு தனி நோயும் உண்டு. சர்வரை மாற்றியதும் கட்டுரைகள் எல்லாம் ‘தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர்’ என்று வரிவரியாக வரும். பார்த்தவர்கள் வைரஸ் என்று பயந்துவிடுவார்கள். வைரஸ் அல்ல. யூனிகோடில் தமிழுக்குத் தரப்பட்ட வட்டாரத்தில் உள்ள எந்தக் குறியை எடுத்தாலும் அதன் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘த’ என்பது 224, 174, 164. மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ஏ. 174 என்பது வட்டத்துக்குள் ஆர். தரவு கெட்டுப்போகவில்லை, அதைப் படிக்கும் அட்டவணைதான் மாறிவிட்டது. சுவீடனில் பிறந்த மைஎஸ்கியூஎல் நெடுங்காலம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த ஐரோப்பிய அட்டவணையையே எடுத்துக்கொண்டது. அகரவரிசைக்குக்கூட சுவீடிய மொழியின் வரிசையைத்தான் பின்பற்றியது. 2018இல் 8.0 பதிப்பில்தான் யூனிகோடு இயல்புநிலையானது. காரணம் தெரிந்தவர் பேக்கப்பை எடுத்து, சரியான அட்டவணையைச் சொல்லி மறுபடி ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் தமிழ் திரும்பிவிடும். தெரியாதவர் அந்தக் குழம்பிய நிலையிலேயே புதிய கட்டுரைகளை எழுதத் தொடங்கி, இரண்டும் கலந்து, பிறகு எடுக்கவே முடியாத சிக்கலாக்கிவிடுவார். பல ஆண்டு எழுத்து இப்படிப் போயிருக்கிறது.

ஆக, நிரல் திறந்து கிடப்பது ஒரு பாதிதான். அதைப் பற்றிய அறிவும் திறந்து கிடக்க வேண்டும். அதுவும் நமக்குப் படிக்க வரும் மொழியில். 1998இல் சென்னையில் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு, ஐஐடி வளாகத்தில் மாதம் ஒருமுறை கூடி, கேள்வியோடு வந்தவர்களுக்கு மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அதுபோன்ற குழுக்கள் முளைத்தன. அங்கே பேச்சு முழுக்கத் தமிழில். த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் ‘கணியம்’ மின்னிதழைத் தொடங்கினார்கள். இன்று கணியம் அறக்கட்டளை நன்கொடை கேட்டு வெளியிடும் அறிவிப்பில் வங்கிக் கிளை என்று இருப்பது மேற்குத் தாம்பரம். து. நித்யா அதில் தொடராக எழுதிய மைஎஸ்கியூஎல், லினக்ஸ் பாடங்கள் மின்னூல்களாக வந்தன. கட்டளைகளை ஆங்கிலத்திலேயே வைத்து, விளக்கத்தைப் பேசுவதுபோன்ற தமிழில் சொன்னதுதான் அவற்றின் பலம். தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டு, பொறியியல் கல்லூரி முதல் வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத் திகைத்து நின்ற பிள்ளைகளுக்கு அவை எத்தனை பெரிய துணை என்று அவர்களைக் கேட்டால் தெரியும். எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். எடுத்து அச்சிட்டு விற்கக்கூட யாரையும் கேட்க வேண்டாம்.

கணியம் குழுவினரே 2013இல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற மின்னூல் திட்டத்தைத் தொடங்கினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். மின்னூலைத் தயாரிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது பிரஸ்புக்ஸ். கனடாவின் மொன்றியாலில் வேர்ட்பிரஸின் மேல் கட்டப்பட்டது. நூல்களை அடுக்கிவைக்கும் தளமும் வேர்ட்பிரஸ்தான். வலைத்தளம் செய்ய எழுதப்பட்ட நிரல், ஒரு தமிழ்ப் பதிப்பகமாகவும் நூலகமாகவும் மாறிவிட்டது. கிண்டிலுக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று, தாளில் அச்சிட ஒன்று என்று பல வடிவங்களில் நூற்றுக்கணக்கான நூல்கள். 2005இல் தொடங்கிய இலங்கைத் தமிழரின் நூலகம் திட்டமும் இதே வழியில் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் பல்லாயிரம் ஆவணங்களைக் காத்துவருகிறது. சீனிவாசன் எழுதிய ஒரு பைத்தான் நிரல், படமாக வருடப்பட்ட பக்கங்களை எழுத்துணரிக்கு அனுப்பி, கிடைத்த எழுத்தை விக்கிமூலத்தில் ஏற்றியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்துசேர்ந்த பணியில் அந்த நிரலுக்குப் பங்கு உண்டு. நிரல் பொதுவில் இருந்ததால் வங்காளிகளும் பிறரும் எடுத்துக்கொண்டார்கள்.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லும் வரைபடம் அரசிடமோ பெருநிறுவனங்களிடமோ உடனடியாக இருக்கவில்லை. அருண் கணேஷ் என்ற நிலப்படக் கலைஞர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல் ஒரு வலைப்பக்கத்தை உருவாக்கினார். யார் வேண்டுமானாலும் தம் தெருவைச் சொடுக்கினால் அது வெள்ளத் தெருவாகக் குறிக்கப்படும். மறுபடி சொடுக்கினால் நீங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்தார்கள். அத்தனை வேகமாக அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்தத் தெருக்களைப் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் பொறுமையாக வரைந்து வைத்திருந்ததும், வரைபடத்தைக் காட்டும் நிரல் ஏற்கெனவே பொதுவில் இருந்ததும்தான். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் நிரலாளர்கள் சேர்ந்து எழுதிய சஹானா இன்னும் பெரிய கதை. காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் என எல்லாவற்றையும் பதியும் அந்தக் கட்டற்ற வலை மென்பொருள் அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதை அதற்கு வழங்கியது.

பொதுச்சொத்து என்பதால் சண்டை வராது என்றில்லை. 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் வேர்ட்பிரஸ் தளங்களை நடத்தித்தரும் ஒரு பெரிய நிறுவனத்துக்கும் இடையே மூண்ட பிணக்கு நீதிமன்றம்வரை போனது. இடையில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு அப்டேட் வரும் வழியே சில காலம் அடைபட்டது. நிரலின் உரிமம் எல்லாருக்கும் சொந்தம். ஆனால் அப்டேட் வரும் வாசல் யார் கையில் என்ற கேள்வியை உலகம் அப்போதுதான் கூர்ந்து கேட்டது. என் கருத்து இது: ஒரே வாசலை நம்பியிருக்கும் வரை நம் சுதந்திரம் முழுமையல்ல. உரிமம் மாற்று வாசல் கட்ட நம்மை அனுமதிக்கிறது. கட்டுவதற்குத் தெரிந்த ஆள்கள் நம்மிடம் வேண்டும்.

இதைப் படிப்பவர் ஒரு பள்ளியோடோ சங்கத்தோடோ தொடர்புள்ளவராக இருந்தால், இந்த வாரமே சில கேள்விகளைக் கேளுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது? பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டுமா, குறைந்தது இருவரிடமா? கடைசி பேக்கப் எப்போது, அது அதே சர்வரில்தான் கிடக்கிறதா, அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்பி யாராவது பார்த்திருக்கிறார்களா? பயன்படுத்தாத பிளகின்களை நீக்கியாயிற்றா? விடை தெரியவில்லை என்றால் தெரிந்தவரை அழையுங்கள். காசு கொடுத்து அழைத்தாலும் தவறில்லை. மாணவராக இருந்தால், பிராஜெக்டாகப் புதுத்தளம் ஒன்று செய்வதற்குப் பதில், இருக்கும் ஒரு தளத்தை ஓராண்டு பராமரித்து, செய்ததைத் தமிழில் எழுதி அடுத்த ஆண்டு மாணவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நிரல் எழுத வராதவர்களுக்கும் வேலை இருக்கிறது: வேர்ட்பிரஸின் தமிழ் மொழிபெயர்ப்பு முழுக்கத் தன்னார்வலர்கள் கையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய வரிகள் சேர்கின்றன, அவற்றைத் தமிழாக்க எப்போதும் ஆள் தேவை.